யாரையும் கேட்க வேண்டாம்

என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு அக்கா எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும்.

“நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கோ.”

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நீளமாக ஒரு பட்டியல். அதிலிருந்து ஒரு டிராயிங்கைத் தேடி எடுத்து வேறொரு ஃபோல்டருக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மவுஸ் கிடையாது. எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் திரும்பி அவரைப் பார்த்தேன். நோட்டில் ஒரு கோடு போட்டார். நானாக ஏதோ ஒரு பட்டனை அழுத்தினேன். பட்டியல் முழுக்கக் காணாமல் போனது. மறுபடி திரும்பினேன். இன்னொரு கோடு. பத்து நிமிடம் இப்படியே போயிற்று.

“பதினொண்ணு. தேறாது” என்றார்.

“நானாக்கா?”

“நீ இல்லம்மா. இந்த சாஃப்ட்வேர்.”

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், மின்சார பேனல் பெட்டிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனி எங்களுடையது. தகட்டை வெட்டி, மடக்கி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து அனுப்புவோம். நான் டெஸ்பாட்ச். அவர் டிராயிங்குகளையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொண்டார். நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்கா.

தாம்பரத்திலிருந்து கம்பெனி வேன் கிளம்பும். அவர் சேலையூரிலிருந்து வந்து ஏறுவார், நான் சிட்லபாக்கத்திலிருந்து. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை சீட்டில்தான் எப்போதும் உட்காருவார். யாரோடும் சண்டை இல்லை, யாரோடும் நெருக்கமும் இல்லை. ஏதாவது கேட்டால் சிரித்தபடி பதில் சொல்வார். அவராக யாரையும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர் எழுதி ஒட்டிய காகிதங்கள் கம்பெனி முழுக்க இருந்தன. ஜெராக்ஸ் மெஷினில், “பேப்பர் சிக்கினால் இடப்பக்கக் கதவைத் திறந்து மெதுவாக இழுக்கவும்.” லேடீஸ் டாய்லெட் கதவில், “தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கி நகர்த்தவும்.” தண்ணீர் மெஷினில், “சிவப்பு விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் அணையும்.” சதுரம் சதுரமான எழுத்து. எதற்காவது வழி கேட்டுப் போனால் சொல்லித் தருவார். மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு காகிதம் இருக்கும். அதற்குப் பிறகு அவரிடம் போக வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

எங்களிடம் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எல்லாம் பழசு. புதிதாக வரும் சிஸ்டத்தை ஏற்றினால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். இவற்றையே வைத்துச் சமாளியுங்கள் என்று முதலாளி சார் சொல்லிவிட, அக்கா நான்கிலும் லினக்ஸ் போட்டார். இலவசமாகக் கிடைப்பது, பழைய மெஷினிலும் ஓடுவது. ஆபீஸில் இருந்த மூன்றும் நன்றாக வேலை செய்தன. தகடு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த நான்காவதுதான் தொல்லை. அங்கே காற்றெல்லாம் இரும்புத்தூள். மவுஸ் ஒரு மாதம்கூடத் தாங்காது. மெஷினை ஓட்டும் ஏழுமலை அண்ணா கையில் எப்போதும் கிளவுஸ் போட்டிருப்பார். அதோடு மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி எங்கேயோ ஓடும். பழைய டிராயிங்கைத் தவறுதலாக எடுத்து ஒரு நாள் முழுக்கத் தகட்டை வீணாக வெட்டியதும் நடந்தது.

“மவுஸே வேணாம். கீபோர்டு மட்டும் போதும். கறுப்பு ஸ்கிரீன்லயே டிராயிங்கைத் தேடி எடுக்கற மாதிரி பண்ணிடலாம்” என்றார் அக்கா.

அப்படி வேலை செய்கிற சாஃப்ட்வேர்கள் லினக்ஸில் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றனவாம். எதை எடுப்பது என்று முடிவு செய்ய அவருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொன்றாகப் போட்டு, எங்களில் ஒருவரை உட்கார வைத்து, பின்னால் நின்று, நாங்கள் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறோம் என்று கோடு போட்டார். நான், ஏழுமலை அண்ணா, பெயின்ட் செக்‌ஷன் சூப்பர்வைசர், ஒரு நாள் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி தாத்தாகூட.

முதலில் வந்ததன் பெயர் என்என்என். மூன்று எழுத்தும் ஒரே எழுத்து.

“இன்னாக்கா, பேர் வெக்கக்கூட அவனுக்கு டைம் இல்லியா?” என்றார் ஏழுமலை அண்ணா.

“ரொம்ப சின்னது அண்ணா. ரொம்ப வேகம்.”

வேகம்தான். கேள்விக்குறி பட்டனை அழுத்தினால் உதவிப் பக்கமும் விரியும். ஆனால் கேள்விக்குறியை அழுத்த வேண்டும் என்று திரையில் யாரும் சொல்லவில்லை. எனக்குப் பதினொரு கோடு விழுந்தது அதில்தான்.

அடுத்து ரேஞ்சர். திரை மூன்று பத்தியாகப் பிரிந்திருக்கும். நடுவில் நாம் இருக்கும் ஃபோல்டர், இடப்பக்கம் அதற்கு முந்தையது, வலப்பக்கம் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை. அக்கா அதை ஓட்டிக்காட்டிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரல்கள் நான்கு எழுத்துக்களின் மேல் அசைந்ததே தெரியவில்லை. ஃபோல்டர்கள் திறந்தன, மூடின, டிராயிங்குகள் இடம் மாறின. அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. வேனில் பார்க்கிற முகம் இல்லை.

“அக்கா, இதையே வெச்சுக்கலாமே” என்றேன்.

“எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு” என்றார். பிறகு ஏழுமலை அண்ணாவை உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணா எழுந்துவிட்டார். “காப்பி பண்ணணும்னா ஒய் பட்டனை ரெண்டு தபா அடிக்கணும்னு சொல்றீங்க. ஸ்கிரீன்ல எங்கனா எழுதிக் கீதா? நீங்க பக்கத்துல இருந்தா ஓகே. நீங்க இல்லாதப்ப நான் இன்னாக்கா பண்ணுவேன்?”

அக்கா பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினார். “அதான் அண்ணா. அதுக்காகத்தான் இது வேணாம்.”

கடைசியில் தேறியது மிட்நைட் கமாண்டர். பெயரைக் கேட்டதும், “நடுராத்திரி கமாண்டரா? பகல்ல வேலை செய்யுமாக்கா?” என்றார் ஏழுமலை அண்ணா. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நீல நிறத் திரை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம். இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு. கீழே ஓரமாக ஒன்றிலிருந்து பத்து வரை எண்களும், எந்த எண் என்ன செய்யும் என்பதும் எப்போதும் இருக்கும். ஐந்து என்றால் நகல். ஆறு என்றால் நகர்த்து. அந்த எண்களின் வேலையைக் கீபோர்டின் மேல்வரிசைப் பட்டன்களுக்கு மேலே தமிழில் எழுதி, செல்லோ டேப் போட்டு ஒட்டினார். ஏழுமலை அண்ணா முதல் நாளிலேயே இரண்டு தடவைதான் திரும்பிப் பார்த்தார்.

அந்த இரண்டையும் அக்கா விடவில்லை. ஒன்று, வெளியே போகப் பத்தாவது பட்டனை அழுத்தினால் வேறு ஏதோ ஒரு மெனு வந்து விரிந்தது. அதை மறுநாளே சரிசெய்தார். இன்னொன்று தமிழ். ‘மேல்மூடி’ என்று பெயர் வைத்த டிராயிங்கில் கொம்பு தனியாகக் கழன்று நின்றது. “மூடி கழண்டுக்கினு கீதுக்கா” என்று அண்ணா சொன்னார். எழுத்து ஒழுங்காகத் தெரியும் திரை சாஃப்ட்வேர் ஒன்றைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு ஒரு வாரம் பிடித்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பட்டனை அழுத்தினால் வரும் மெனுவை முழுக்கத் தமிழில் அவரே எழுதினார். ‘புது டிராயிங் வந்திருக்கிறது’, ‘பழைய டிராயிங்கை ஒதுக்கி வை’, ‘புது கஸ்டமருக்கு ஃபோல்டர் திற’. எண்ணை அழுத்தினால் போதும், அதுவே செய்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழுமலை அண்ணா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நாற்பது நிமிடம் அக்கா பின்னால் நின்றார். அண்ணா அவர் நிற்பதையே மறந்துவிட்டு, வேலை முடிந்ததும் எழுந்து பீடி பிடிக்க வெளியே போய்விட்டார். அக்கா நோட்டில் அந்தப் பக்கத்தைக் காலியாகவே விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “முடிஞ்சுது” என்றார்.

அந்த மெனுவில் ஏழாவதாக ஒரு வரி இருந்தது: ‘தவறுதலாக அழித்துவிட்டால்.’ அதன் அருமை எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு நாள் அவசரத்தில் மெஷின் பக்கக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழிக்கப் போய், ஒரு கஸ்டமரின் ஃபோல்டரையே அழித்துவிட்டேன். நாலு வருட டிராயிங்குகள். அக்கா அன்று அரை நாள் லீவு. போனை எடுத்து அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மெனுவில் அந்த ஏழாவது வரி கண்ணில் பட்டது. அழுத்தினேன். “பயப்பட வேண்டாம். நேற்று மாலை வரை இருந்ததெல்லாம் திரும்ப வரும். யாரையும் கேட்க வேண்டாம்” என்று திரையில் வந்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் வந்தது. நான் போனைக் கீழே வைத்தேன்.

மறுநாள் அதைச் சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “எனக்குப் போன் பண்ணலையே?”

“பண்ணப் போனேன். அதுக்குள்ள இது கண்ல பட்டுது.”

“அதான் வேணும்” என்றார்.

அவர் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். மழைக்காலம். தாம்பரத்தில் இறங்கும்போது சிட்லபாக்கம் பக்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றார்கள். ஆட்டோ வரவில்லை. “தண்ணி வடியற வரைக்கும் எங்க வீட்டுல இரு” என்று கூட்டிப் போனார். சேலையூரில் ஒரு சந்தின் கடைசியில் சின்ன மாடி வீடு. உள்ளே நுழைந்ததும் அந்தச் சதுர எழுத்துதான். கேஸ் அடுப்புக்கு மேலே, “இந்தப் பக்கம் திருகினால் மூடும்.” டப்பா ஒன்றில், “அம்மாவுக்குக் காபி: சர்க்கரை அரை ஸ்பூன் மட்டும்.” ஜன்னலில், “சாயங்காலம் மூடிவிடவும், அம்மாவுக்குச் சளி பிடிக்கும்.” கட்டிலின் தலைமாட்டில் மாத்திரைப் பட்டியல்.

“அம்மா இருக்காங்களாக்கா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசி நாலு வருஷம் படுக்கைதான். பகல்ல ஒரு லேடி வந்து பாத்துக்கிட்டாங்க. அவங்க ஒவ்வொண்ணுக்கும் ஆபீஸ்ல எனக்குப் போன் பண்ணுவாங்க. அவங்களுக்காக எழுதினது.”

“இன்னும் எடுக்கலையா?”

கெட்டிலில் தண்ணீர் ஊற்றியபடி, “இருக்கட்டும். யாராவது வந்தா உதவும்” என்றார்.

காபி குடித்தோம். சுவரில் இயேசு படம் போட்ட சர்ச் காலண்டர். அதில் எந்தத் தேதியிலும் ஒரு குறிப்பும் எழுதியிருக்கவில்லை. ஏழு மணிக்குத் தண்ணீர் வடிந்துவிட்டது என்று என் கணவர் போன் செய்தார். நான் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்து, செருப்பு மாட்டும்வரை நின்று, “இன்னொரு காபி குடிச்சிருக்கலாம்” என்றார். எனக்கு அவசரம். “அடுத்த தடவைக்கா” என்றேன். அடுத்த தடவை போகவில்லை.

அதற்கு அடுத்த வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் வேனில் அவர் சீட் காலியாக இருந்தது. மறுநாளும். மூன்றாம் நாள் யாரோ அதில் சாப்பாட்டுப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாட்ஸ்அப்பில், “லீவாக்கா?” என்று கேட்டேன். “ஆமாம்மா. வீட்டில் கொஞ்சம் வேலை. அங்கே எல்லாம் ஓடுகிறதா?” என்று பதில் வந்தது. “சூப்பரா ஓடுது” என்று எழுதி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையையும் சேர்த்து அனுப்பினேன். “சரி” என்றார். வீட்டில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் இரண்டு புது கஸ்டமர்கள் வந்தார்கள். முப்பது நாற்பது டிராயிங்குகள் மாறின. ஒன்றும் நிற்கவில்லை, ஒன்றும் தப்பாகவில்லை. ஒரு மதியம் சார் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்த மாதம் ஆர்டர் குறைவு, முகம் வாடியிருந்தது.

“சிஸ்டம் மேடம் லீவ்ல இருக்காங்களே, டிராயிங் எடுக்கறதுல ஏதாவது ப்ராப்ளம் வருதா?”

“இல்ல சார்.”

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல சார். அவங்க அந்த மாதிரி செட் பண்ணி வெச்சிருக்காங்க. நாங்க யாரும் அவங்களைக் கேட்க வேண்டியதே இல்ல. ஏழுமலை அண்ணாவே தனியா எல்லாம் பண்றாரு.”

“புது கஸ்டமர் வந்தாக்கூட?”

“அதுக்கும் மெனு இருக்கு சார்.” எனக்கு அவ்வளவு பெருமை, ஏதோ நானே செய்த மாதிரி. “இன்னும் ஆறு மாசம் அவங்க வராட்டிக்கூட ஓடும் சார்.”

“குட்” என்றார் சார். எதையோ குறித்துக்கொண்டார். அக்காவைப் பாராட்டிவிட்டேன் என்ற நினைப்பில்தான் நான் கேபினை விட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வேனில் ஏறினார். நன்றாக இளைத்திருந்தார். இடக்கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். சீட்டில் இருந்த பைகளை நான் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதாக்கா?”

“முடிஞ்சுதும்மா.”

பதினொரு மணிக்குச் சார் அவரைக் கூப்பிட்டார். இருபது நிமிடம். வெளியே வந்து தன் மேஜையில் உட்கார்ந்துகொண்டார். மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கடைசி நாள், யாருக்காவது வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார் சார். “ஒப்படைக்க ஒண்ணும் இல்ல சார். எல்லாம் மெனுவிலேயே இருக்கு” என்றார் அக்கா. மெஷின் பக்கம் போய் ஏழுமலை அண்ணாவிடம் சொல்லிக்கொண்டார். அண்ணா கிளவுஸைக் கழற்றினார்.

“இன்னாக்கா இது, திடீர்னு? அப்ப சிஸ்டம் நின்னுபோச்சுன்னா யாரக் கூப்பிடறது?”

“நிக்காதுண்ணா” என்றார் அக்கா.

அன்று வேனுக்குக் காத்திருக்காமல் நாலு மணிக்கே கிளம்பினார். நானும் பர்மிஷன் போட்டுவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். திருநீர்மலை நிறுத்தத்தில் துளசி வாசனையோடு கோயில் கூட்டம் ஒன்று ஏறியது. ஒருவர் மேல் ஒருவர் இடிக்க, அக்கா இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். எழுந்து அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றேன். பல்லாவரத்தில் இறங்கினோம். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்தான் சொன்னேன்.

“அக்கா, சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நான்தான் சொன்னேன், நீங்க இல்லாமலே ஓடும்னு.”

“தெரியும். சார் சொன்னாரு.”

“எனக்குப் புரியலக்கா. உங்களைப் பத்தி நல்லதா சொல்றேன்னு நெனச்சேன்.”

“நல்லதுதானே சொன்ன.” அவர் குரலில் கோபம் இல்லை. “ஓடலன்னு நீ பொய் சொல்லியிருந்தா எனக்கு வருத்தமா இருந்திருக்கும். ரெண்டு மாசம் உங்க பின்னாடி நின்னது எதுக்கு?”

ஒரு டிரெயின் வந்தது. கூட்டம் அதிகம் என்று விட்டுவிட்டோம். பெஞ்சில் உட்கார்ந்தபின் அவரே பேசினார். மார்பில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். யாரிடமும் சொல்லவில்லை. தூத்துக்குடியில் இருக்கும் அண்ணனிடம்கூட முடிந்த பிறகுதான். துணைக்கு ஏஜென்சி மூலமாக ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துகொண்டாராம்.

“அந்தப் பொண்ணுக்கும் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டேன். எந்த மாத்திரை எப்போ, யார் வந்தா என்ன சொல்லணும், எந்தப் பையில என்ன இருக்குன்னு. அவளும் என்னை ஒண்ணும் கேட்கல. நாள் முழுக்க மொபைல்ல ஏதோ பாத்துட்டு உட்கார்ந்திருந்தா.”

நான் அவர் வலக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போனைத் தலையணைக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தேன். சார்ஜ் இறங்காம பாத்துக்கிட்டேன். நீங்க யாராவது கூப்பிடுவீங்க, எங்கயாவது ஒண்ணு நின்னுபோயிருக்கும், எப்படின்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். படுத்துட்டே சொல்லிடலாம்னு.” சிரித்தார். “பதினோரு நாள்ல ஒருத்தர்கூடக் கூப்பிடல. அவ்வளவு நல்லா பண்ணி வெச்சிருக்கேன்.”

அடுத்த டிரெயினில் ஏறினோம். தாம்பரத்தில் இறங்கி, அவர் கிழக்குப் பக்கப் படியில் போனார்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நான் அவரைக் கூப்பிடவில்லை. வெட்கம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கம்பெனியில் ஆட்கள் மாறினார்கள். மெஷின் பக்கம் அந்த நீலத் திரை ஓடிக்கொண்டே இருந்தது, இன்றும் ஓடுகிறது. புதிதாக வருகிறவர்கள் மெனுவைப் பார்த்து ஒரே நாளில் பழகிக்கொள்கிறார்கள். அதை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே வராதபடி எழுதியிருக்கிறார்.

ஜூலையில் ஒரு நாள், நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. என் பையனின் படிப்பைப் பற்றிக் கேட்டார். மழையைப் பற்றிச் சொன்னார். கேளம்பாக்கத்தில் ஒரு குடோனில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும் என்றார். பேச்சு முடிந்துவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் அவர் வைக்கவில்லை.

“உனக்குச் சனிக்கிழமை வேலை இருக்கும் இல்ல?”

“ஏன்க்கா?”

“இல்ல, இருந்தா வேணாம். லீவெல்லாம் போடாத.”

“என்னன்னு சொல்லுங்கக்கா.”

ஒரே மூச்சில் சொன்னார். “ஒரு ஸ்கேன் இருக்கு. தனியாவே போயிடலாம், மூணு தடவை போயிருக்கேன். கூட யாராவது இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. நீ வரியா?”

அவர் தனக்காக என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

“எத்தனை மணிக்குக்கா?”

அந்த ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்த இரண்டு ஸ்கேனுக்கும் நான்தான் கூடப் போனேன். பிறகு அவர் குடோன் வேலையையும் விட்டுவிட்டு, அண்ணன் குடும்பம் இருக்கும் தூத்துக்குடிக்கே போய்விட்டார். போய் மூன்று வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸ் அன்று பேசிக்கொள்கிறோம், மற்ற நாட்களில் அவ்வளவாக இல்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சனிக்கிழமைதான்.

குரோம்பேட்டையில் இருந்த ஆஸ்பத்திரி அது. ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான வராண்டா, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். நர்ஸ் வந்து, உடம்பில் உலோகமாக எதுவும் இருக்கக் கூடாது என்றார். அக்கா வாட்ச்சைக் கழற்றினார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றி, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் தயங்கினார்.

“இதுக்கு முன்னாடி இதையெல்லாம் யார்கிட்ட குடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துடுவேன். கண்ணாடியையும்தான். பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியாது, அதனால ஆட்டோல வருவேன்.”

கைப்பையைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளே போட்டார். ஜிப்பை இழுத்தார். என்னிடம் நீட்டினார்.

“பாத்துக்கோ” என்றார்.

நர்ஸ் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கண்ணாடி இல்லாததால் தரையைக் காலால் தடவித் தடவி நடந்தார். கதவு மூடிக்கொண்டது. ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. பையை அதில் வைக்க மனம் வரவில்லை. மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.